பி. பி. ஸ்ரீனிவாஸின் தாழ்குரல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பி. பி. ஸ்ரீனிவாஸ் பாடியவற்றுள் சிறந்த பாடல்கள் எவை என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். பத்துப் பாடல்களின் பெயரைச் சொல்லிவிட்டு நான் அமர்ந்துவிடலாம். ஆனால் நீங்களும் ஆளுக்கொரு பட்டியலோடுதான் வந்திருப்பீர்கள், அவை பெரும்பாலும் என்னுடையதோடு ஒத்தே போகும். ஆகவே பட்டியலை ஒதுக்கிவைத்து, ஒரு திருமண வரவேற்பில் கெட்டுப்போன ஒரு பாட்டிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த வரவேற்பில் மெல்லிசைக் குழுவின் பாடகர் ‘நிலவே என்னிடம் நெருங்காதே’ பாடலை எடுத்தார். திருமண வீட்டில் அந்தப் பாட்டை யார் விரும்பிக் கேட்டார்கள் என்பது வேறு விஷயம். பாடகர் நல்ல குரல்வளம் உள்ளவர். முந்தைய குத்துப்பாட்டுக்குக் கிடைத்த கைதட்டல் குறைந்துவிடக் கூடாது என்று எண்ணினாரோ என்னவோ, கீபோர்டு வாசிப்பவரிடம் சொல்லிச் சுருதியை ஒரு கட்டை ஏற்றிக்கொண்டு முழுக்குரலில் பாடினார். சுருதி பிசகவில்லை, தாளம் தப்பவில்லை, ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது. ‘நெருங்காதே’ என்ற சொல், வாசலில் நிற்பவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது போல ஒலித்தது.

1966இல் வெளிவந்த ‘ராமு’ படத்தில், மனைவியை இழந்து, பேச்சை இழந்த மகனோடு நிற்கும் ஒருவனுக்காகக் கண்ணதாசன் எழுதிய பாடல் அது. எம். எஸ். விஸ்வநாதன் பாகேஸ்ரீ ராகத்தின் சாயலில் மெட்டமைத்தார். அந்த மனிதனுக்கு, நிலவென்று தான் அழைக்கும் பெண்மேல் வெறுப்பில்லை. அருகில் வந்துவிட்டால் மறுக்கத் தன்னால் ஆகாது என்ற அச்சம்தான் இருக்கிறது. ஸ்ரீனிவாஸின் குரலில் அந்தச் சொல் தடுப்பதற்காக நீட்டிய கையாக இல்லை, பாதி நீட்டித் தயங்கி நிற்கும் கையாக இருக்கிறது. வரி முடியும்போது ‘நானில்லை’ என்பதை அவர் அழுத்திச் சொல்வதில்லை. மூச்சைச் சற்றே விட்டு, சொல்லைத் தானாக அடங்க விடுகிறார். உரத்துப் பாடினால் அந்த மனிதனின் உறுதிதான் கேட்கும். தாழ்த்திப் பாடியதால் அவனுடைய பலவீனம் கேட்கிறது. பாட்டு முழுவதும் அந்தப் பலவீனத்தைப் பற்றியது.

இத்தகைய பாடுமுறை ஒலிவாங்கி வந்த பிறகே உலகில் எங்கும் சாத்தியமாயிற்று. நம் நாடக மேடைப் பாடகர்கள் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே உச்சஸ்தாயியில் பாடினார்கள். எஸ். ஜி. கிட்டப்பாவின் பெருமையே அதுதான். மின் ஒலிவாங்கி புழக்கத்துக்கு வந்தபின் அமெரிக்காவில் பிங் கிராஸ்பி போன்றவர்கள், கேட்பவரின் காதருகே நின்று பேசுவது போலப் பாடிக் காட்டினார்கள். தமிழ்த் திரையில் அந்த மென்மைக்கு முதலில் வழி திறந்தவர் ஏ. எம். ராஜா. அவருக்குப் பின் அதே வழியில் வந்து அதை இன்னும் கீழே, மந்தரத்தின் பக்கமாக இறக்கியவர், 1930இல் காக்கிநாடாவில் பிறந்த ஸ்ரீனிவாஸ். அறுபதுகளில் வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் பாடகரும் ஒரே நேரத்தில் இசைத்து ஒலிப்பதிவு செய்வதே வழக்கம். யாராவது தவறினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அத்தனை வாத்தியங்களுக்கு நடுவே குரலை உயர்த்தாமல் நிற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அந்தத் துணிச்சலை அளந்து பார்க்க ஒரே பாட்டில் இடம் இருக்கிறது. ‘படித்தால் மட்டும் போதுமா’ படத்தின் ‘பொன் ஒன்று கண்டேன்’ பாடலில் டி. எம். சௌந்தரராஜனும் ஸ்ரீனிவாஸும் ஒரே மெட்டைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். டி.எம்.எஸ். பாடும்போது, தான் கண்டதை ஊருக்கே அறிவிக்கும் மனிதன் தெரிகிறான். ஸ்ரீனிவாஸ் பாடும்போது, கண்டதைச் சொல்லலாமா வேண்டாமா என்று எண்ணியபடியே சொல்லும் மனிதன் தெரிகிறான். டி.எம்.எஸ். குறைந்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய கம்பீரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பீரத்தை வைத்திருந்தால் அந்தப் பாட்டு வெறும் போட்டியாகியிருக்கும்.

‘மயக்கமா கலக்கமா’ பற்றிச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க முடியாது. 1962இல் வந்த ‘சுமைதாங்கி’ படப் பாடல். பல்லவியில் நான்கு கேள்விகள், நான்கும் ‘மா’ என்று முடிபவை. மேடைப் பாடகர்களில் பலர் அந்த ‘மா’வை இழுத்துப் புலம்பலாக்கிவிடுகிறார்கள். ஸ்ரீனிவாஸ் அங்கே குழைவதே இல்லை. வைத்தியர் நாடியைப் பிடித்துக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்று விசாரிப்பது போலக் கேட்கிறார். கவிஞர் வாலி தம் வாழ்க்கையைப் பற்றிப் பல முறை சொன்ன நிகழ்ச்சி உங்களுக்கும் தெரிந்திருக்கும். சென்னையில் வாய்ப்பு அமையாமல் ஊர் திரும்பிவிடத் தீர்மானித்திருந்த வேளையில், அறைக்கு வந்த ஸ்ரீனிவாஸ், அப்போது புதிதாகப் பதிவாகியிருந்த இந்தப் பாடலைப் பாடிக் காட்ட, வாலி தம் முடிவை மாற்றிக்கொண்டார். இதில் நான் கவனிப்பது பாட்டின் அறிவுரையை அல்ல. வாத்தியங்கள் இல்லை, ஒலிவாங்கி இல்லை, எதிரே ஒரே ஓர் ஆள். ஸ்ரீனிவாஸ் எந்நாளும் பாடியது அப்படிப்பட்ட ஓர் அறையின் அளவுக்குத்தான். இசைத்தட்டில் கேட்கும் குரலும் அதே அளவில்தான் இருக்கிறது.

‘காலங்களில் அவள் வசந்தம்’ வேறு வகை. பருவங்களில் வசந்தம் நான், மாதங்களில் மார்கழி நான் என்று கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னைப் பற்றிச் சொல்வதைக் கண்ணதாசன் ஒரு பெண்ணின்மேல் ஏற்றிவைத்தார். 1961இல் ‘பாவ மன்னிப்பு’க்காக எழுதப்பட்ட அந்த வரிகள் கடவுளுக்குரிய புகழ்ச்சி என்பதால், கொஞ்சம் குரல் கூடினாலும் ஆரவாரமாகிவிடும். ஸ்ரீனிவாஸ் அதை ஒரு சிரிப்போடு பாடிவிட்டுப் போகிறார்.

பி. சுசீலாவோடு அவர் பாடிய இணைப்பாடல்களுக்குத் தனியாக ஒரு மாலை வேண்டும். ‘யார் யார் யார் அவள் யாரோ’, ‘ரோஜா மலரே’, ‘நெஞ்சம் மறப்பதில்லை’, பாரதியின் ‘காற்று வெளியிடைக் கண்ணம்மா’ என்று பெயர்களை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். எம்.ஜி.ஆருக்காகப் பாடிய ‘பால் வண்ணம் பருவம் கண்டு’ கேட்க இனிமையானது. ஆனாலும் வாளேந்திய வீரனுக்கு அந்தக் குரல் பொருந்தியதாக எனக்குத் தோன்றவில்லை. 1986இல் வந்த ‘தோல்வி நிலையென நினைத்தால்’ பாடலை இன்றைய இளைஞர்கள் அவருடைய தலைசிறந்த பாடலாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதன் வேகத்தை மதிக்கிறேன், என் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

கதீட்ரல் சாலையில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கும் இடத்தில் முன்பு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் இருந்தது. சட்டைப்பை நிறையப் பல வண்ணப் பேனாக்களோடு ஸ்ரீனிவாஸ் அங்கே அமர்ந்து கவிதை எழுதிக்கொண்டிருப்பார். அவரைத் திரையில் தேடிய பலர் அங்கேதான் கண்டார்கள்.

இறுதியாக ஒரு பாடல். ‘கொடிமலர்’ படத்தில், பேச இயலாத ஒரு பெண்ணை நோக்கிப் பாடப்படும் ‘மௌனமே பார்வையால்’. பதில் சொல்ல முடியாதவளிடம் பாடுகிறவன், அவளுக்கு இடம் விட்டுப் பாட வேண்டும். ஸ்ரீனிவாஸ் வரிக்கும் வரிக்கும் நடுவே எப்படிக் காத்திருக்கிறார் என்பதைக் கேளுங்கள். இப்போது அதை ஒலிக்கச் செய்யப்போகிறோம். ஒலிபெருக்கிக்காரரிடம் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வந்து அமரலாம்.