புது செயின் போட்டா ஏன் நழுவுது? சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மட்டும் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. கோத்தகிரி பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அப்படியே படிக்கறேன்.

"அண்ணா, என்னோடது மவுண்டன் பைக், முன்னாடி 3, பின்னாடி 8 கியர். செயின் தேஞ்சு போச்சுன்னு கடையில சொன்னாங்க, புதுசு மாத்தினேன். மாத்தினதுலேர்ந்து ஏத்தத்துல அழுத்தி மிதிச்சா செயின் டக்கு டக்குன்னு நழுவுது. பின்னாடி நடுவுல இருக்குற ரெண்டு மூணு கியர்ல மட்டும்தான். பழைய செயின்ல இந்தப் பிரச்சினையே இல்லை. கடைக்காரர், இதெல்லாம் பழைய சிஸ்டம், மொத்தமா ஒன்-பை-ட்வெல்வுக்கு, அதாவது முன்னாடி 1, பின்னாடி 12 கியருக்கு மாறிடுங்கன்றார். மாறலாமா?"

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்றேன். இந்த வீடியோவை முழுசாப் பாக்கறதுக்கு முன்னாடியே சொல்றேன். அந்த மூணு கியர்ல எந்திரிச்சு நின்னு மிதிக்காதீங்க. முழு பாரத்தையும் பெடல்ல போட்டிருக்கும்போது செயின் நழுவுச்சுன்னா நெஞ்சு ஹேண்டில்பார்ல போய் இடிக்கும், இல்லேன்னா முட்டி போகும்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். உங்க கேள்வியிலேயே பதில் இருக்கு. ரெண்டு மூணு கியர்ல மட்டும்னு சொன்னீங்க பாருங்க, அது ரொம்ப நல்ல தகவல். எல்லா கியர்லயும் நழுவுச்சுன்னா நான் கேபிளைப் பாப்பேன், அப்புறம் செயினைக் கியருக்குக் கியர் தள்ளற டீரெய்லர் தொங்குது பாருங்க அந்த ஹேங்கர், அது வளைஞ்சிருக்கான்னு பாப்பேன். வலது பக்கமா ஒரு தடவை விழுந்தாலே அது வளையும். சட்டம் உடையாம இருக்கறதுக்காக வளையட்டும்னே மெத்துனு செஞ்சு வெச்சது. செயின் ஒரு முழுச் சுத்து வரும்போதெல்லாம் ஒரு தடவை தவறாம டக்குன்னா, ஏதோ ஒரு கண்ணி மட்டும் இறுகியிருக்கு. உங்களுக்கு இது ரெண்டும் இல்லை. நீங்க அதிகமா ஓட்டுற கியர்ல, அதுவும் பாரம் ஏறும்போது மட்டும் நழுவுது. அப்போ கேசட் தேஞ்சிருக்கு. பின்னாடி இருக்குற பல் சக்கரத் தொகுப்பு தேஞ்சு போச்சு. அவ்வளவுதான். டீரெய்லர்ல ஒரு குத்தமும் இல்லை.

பழைய செயின்ல நழுவலையேன்னு கேப்பீங்க. அதுதான் இதுல வேடிக்கை. செயின் நீளுதுன்னு எல்லாரும் சொல்றோம், ஆனா இரும்புத் தகடு எதுவும் இழுபட்டு நீளறது இல்லை. ஒவ்வொரு கண்ணியிலயும் ஒரு பின் இருக்கு, அது உள்தகட்டோட உரசி உரசித் தேயுது. ஒவ்வொரு இடத்துலயும் முடி கனம்தான். நூத்திப் பத்து கண்ணி சேர்ந்தா கண்ணுக்குத் தெரியற நீளம். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் நடுவுல 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம் இருக்கணும். அது கூடக் கூட, கேசட்டோட பல்லும் அந்தப் புது இடைவெளிக்கு ஏத்த மாதிரி தேய ஆரம்பிக்குது. பல வருஷம் ஒண்ணாவே அரைஞ்ச அம்மியும் குழவியும் மாதிரி. புதுக் குழவியைக் கொண்டு வந்து வெச்சா பழைய அம்மியில உக்காருமா? அதே கதைதான் இங்க. 12.7ல இருக்குற புது செயின், தேஞ்ச பல்லுல முழுசா இறங்கி உக்காரலை. பாரம் ஏழெட்டு பல்லுல பிரியறதுக்கு பதிலா ஒண்ணு ரெண்டுல விழுது. ஏறி நழுவிடுது.

இதுக்குத்தான் நான் எப்பவும் சொல்றேன், பழைய வீடியோ பாத்தவங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும்: ஸ்கேல் எடுங்க! செயின் செக்கர்னு தனியா ஒரு கருவி விக்குது, இருந்தா நல்லது. இல்லேன்னா ஸ்டீல் ஸ்கேல் போதும். தச்சர் வெச்சிருக்குற இரும்பு டேப்பும் போதும். டேப்புன்னா அதோட நுனிக் கொக்கி லேசா ஆடும், அதனால 1 அங்குலக் கோட்டுல ஆரம்பிச்சு 13ல பாருங்க. தையல்காரர் டேப் மட்டும் வேணாம், அதுவே இழுபடும். பெடலைக் கையால லேசா அழுத்தி செயினை விறைப்பா வெச்சுக்கோங்க. ஒரு பின்னோட நடுமையத்துல கோட்டை வைங்க. 12 அங்குலம் தள்ளி இன்னொரு பின்னோட நடுமையம் கச்சிதமா வரணும். அது பதினாறுல ஒரு பங்கு அங்குலம், அதாவது 1.6 மில்லிமீட்டர் தாண்டிப் போச்சுன்னா அரை சதவீதம் தேய்மானம். செயினை மட்டும் மாத்துங்க, கேசட் தப்பிச்சிடும். எட்டுல ஒரு பங்கு அங்குலம் தாண்டிடுச்சுன்னா ஒரு சதவீதம். அப்போ பெரும்பாலும் கேசட்டும் சேர்ந்தே போயிருக்கும். பதினொண்ணு, பன்னெண்டு ஸ்பீடுக்காரங்க, அதாவது பின்னாடி அத்தனை கியர் வெச்சிருக்கறவங்க, அரை சதவீதத்தைத் தாண்டவே விடாதீங்க. 8 ஸ்பீடுல முக்கால் வரைக்கும் போகலாம்.

தம்பியோட செயினை யாரும் அளந்திருக்க மாட்டாங்க. கண்ணால பாத்து மாத்தியிருப்பாங்க. கண்ணால பாத்து செயின் தேய்மானம் தெரியவே தெரியாது. பளபளன்னு இருக்குற செயின் செத்துப் போயிருக்கும், துருப்பிடிச்சது நல்லா இருக்கும். அதனால ஸ்கேல் எடுங்க.

சரி, என்ன பண்றது? வழி ரெண்டு. பழைய செயினைத் தூக்கிப் போடாம வெச்சிருக்கீங்களா? இருந்தா அதையே திரும்பப் போட்டு, கேசட்டோட சேர்த்து ஓயற வரைக்கும் ஓட்டலாம். முன்னாடி பெடல் பக்கம் இருக்குற பல் சக்கரம், அதுல நடு ரிங்கும் கூடவே தேயும், அது ஒண்ணுதான் நஷ்டம். இல்லேன்னா புது 8 ஸ்பீடு கேசட் ஒண்ணு வாங்குங்க. பன்னெண்டு ஸ்பீடு கேசட் விலையோட ஒப்பிட்டா ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி உங்களோடது கேசட்டா, பழைய மாதிரி மரை போட்டுத் திருகற ஃப்ரீவீலான்னு பாத்துக்கோங்க. கம்மி விலை வண்டிகள்ல 7, 8 ஸ்பீடு ஃப்ரீவீல் இன்னும் வருது. பல் சக்கரத்தைப் பின்பக்கமா சுத்துங்க. நடுவுல டூல் மாட்டற வரிப்பள்ளம் அந்தப் பல் சக்கரத்தோட சேர்ந்து சுத்தினா கேசட். அது சும்மா நின்னு, பல் மட்டும் சுத்துச்சுன்னா ஃப்ரீவீல்.

இப்போ ஒன்-பை-ட்வெல்வ். நல்லா இருக்குமான்னா, அருமையா இருக்கும். முன்னாடி ஒரே ரிங், முன் டீரெய்லர் கிடையாது, இடது கையில கியர் மாத்தற ஷிஃப்டர் கிடையாது. 2012ல ஸ்ராம் கம்பெனி எக்ஸ்எக்ஸ்1னு 11 ஸ்பீடு கொண்டாந்தாங்க, கேசட் 10லேர்ந்து 42 பல். 2016ல ஈகிள்னு 12 ஸ்பீடு, 10லேர்ந்து 50. அதுக்கப்புறம் விலை கூடின மவுண்டன் பைக்ல முன் டீரெய்லரைப் பாக்கறதே அபூர்வம். அந்த முன் ரிங்கை ஒரு நாள் உத்துப் பாருங்க. ஒரு பல் தடிமனா, அடுத்தது மெலிசா, மறுபடி தடிமனா இருக்கும். ஏன்னா செயின்ல ஒரு கண்ணி வெளித்தகடு, அகலம். அடுத்தது உள்தகடு, ஒடுக்கம். அதுல அது, இதுல இதுன்னு உக்கார்றதால குலுக்கல்ல செயின் எகிறாது. எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். எவ்வளவு எளிமை பாருங்க.

ஆனா தம்பி, அதுக்கு என்னென்ன மாத்தணும்னு கணக்குப் போடுங்க. கேசட், செயின், பின் டீரெய்லர், ஷிஃப்டர், முன் ரிங். ஷிமானோ கம்பெனியோட டியோர் 12 ஸ்பீடுல 10-51 கேசட் போடணும்னா உங்க பின் சக்கரத்துல கேசட் ஏறி உக்கார்ற ஃப்ரீஹப் பத்தாது, மைக்ரோ ஸ்ப்ளைன்னு வேற வகை வேணும். பல ஹப்புக்கு, அதாவது சக்கரத்தோட நடுக்குடத்துக்கு, அது கிடைக்கவே கிடைக்காது, அப்போ சக்கரமே மாத்தணும். ஸ்ராம் என்எக்ஸ் ஈகிள் 11-50 பழைய ஃப்ரீஹப்லயே ஏறும். டியோர் 11 ஸ்பீடு 11-51 ஏறும், டியோர் 10 ஸ்பீடு 11-46ம் ஏறும். சும்மா மாறியே ஆகணும்னா நான் அந்த 10 ஸ்பீடுலதான் நிப்பேன். உங்க வண்டியில முன்னாடி சின்ன ரிங் 22, பின்னாடி பெரிசு 32ன்னு வெச்சுக்குவோம். முன் பல்லைப் பின் பல்லால வகுத்தா விகிதம் 0.69. முன்னாடி ஒரே ரிங் 32, பின்னாடி 46 போட்டா 0.70. ஏத்தத்துல ஒரே மாதிரிதான்! இறக்கத்துல உங்களுக்கு இப்போ 42க்கு 11 இருக்கு, அது 32க்கு 11 ஆயிடும், சமவெளியில வேகமா மிதிக்க முடியாம காத்துல காலைச் சுத்திட்டிருப்பீங்க. இவ்வளவு செலவு பண்ணி ஏத்தத்துல ஒண்ணும் கூடலை. இடது கைக்கு வேலை கம்மி, செயின் சத்தம் கம்மி. அது வேணும்னா செய்யுங்க, வேணாம்னு சொல்லலை. ஆனா ஒரு கேசட் தேஞ்சதுக்கு அது வைத்தியம் இல்லை. தேய்மானத்தை அளக்காம பன்னெண்டு ஸ்பீடுக்குப் போனா, அடுத்த தடவை இதே பிரச்சினை பல மடங்கு செலவுல வரும்.

எண்ணெய் பத்தி ஒரு வார்த்தை. நீலகிரியில இருக்கீங்க. யாராவது செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடச் சொன்னா கேக்காதீங்க, அது 24 டிகிரிக்குக் கீழ உறையும், உங்க ஊர்ல பாதி வருஷம் செயின்ல கட்டியாதான் இருக்கும். (சிரிக்கிறார்.) செயினுக்குன்னே விக்குற எண்ணெய் போடுங்க, மழைக்கு வெட் லூப், வெயிலுக்கு டிரை லூப். விட்டதுக்கப்புறம் வெளியில வழியறதைத் துணியால நல்லாத் துடைச்சிடுங்க. வேலை உள்ள இருக்குற பின்னுக்குத்தான், வெளிய ஒட்டியிருக்குறது மண்ணைத்தான் சேர்க்கும்.

இப்போ நான் உங்களை ஒண்ணு கேக்கறேன். ஏறும்போது நழுவறதைப் பத்தி இவ்வளவு விவரமா எழுதினீங்க. இறங்கறதைப் பத்தி ஒரு வரி இல்லையே? கோத்தகிரியிலேர்ந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர், 1,400 மீட்டருக்கு மேல இறக்கம். நீங்களும் வண்டியும் சேர்ந்து 85 கிலோன்னா, அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிய வர்ற சக்தி மூணரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கும். காத்து ஒரு பங்கை வாங்கிக்கும், மிச்சமெல்லாம் பிரேக்கோட ரெண்டு மெல்லிசு டிஸ்க்லயும், அதைக் கவ்வுற விரல் நகம் அளவு பேட்லயும்தான் இறங்குது. அதைப் பத்தி யாருமே கேக்க மாட்டேங்கறாங்க!

மவுண்டன் பைக்கே பிரேக் சூட்டுலதான் பொறந்துச்சுன்னு சொல்லலாம். கலிஃபோர்னியாவுல, மரின் கவுன்ட்டியில ஃபேர்ஃபாக்ஸ் ஊர் பக்கத்துல ஒரு மண் பாதை. 1976 அக்டோபர்ல அங்க பந்தயம் ஆரம்பிச்சாங்க. கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ், இந்தக் கூட்டம்தான். பழைய தடிச்ச டயர் சைக்கிள், பின்பக்கமா மிதிச்சா பிடிக்கற கோஸ்டர் பிரேக். ஒரு தடவை கீழ வர்றதுக்குள்ள ஹப்ல இருந்த கிரீஸ் எரிஞ்சு புகையாப் போயிடும். ஹப்பைத் திறந்து புது கிரீஸ் அடைச்சாத்தான் அடுத்த தடவை ஏறலாம். அந்தப் பாதைக்கு ரீபேக், அதாவது திரும்ப அடைக்கறதுன்னே பேர் வந்துடுச்சு. ஓட்டுறவங்களேதான் மெக்கானிக்கு. ஜோ பிரீஸ் 1977ல தானே சட்டம் செஞ்சு ஓட்டினார்.

இன்னைக்கு கிரீஸ் எரியாது, ஆனா சூடு அதே சூடுதான். அதனால கேசட் வாங்கி மிச்சம் பிடிச்ச காசை பிரேக்ல போடுங்க. முதல்ல டிஸ்க்கைத் துடைச்சிட்டு அதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. கம்மி விலை வண்டிகள்ல வர்ற ஷிமானோ டிஸ்க்ல "ரெசின் பேட் ஒன்லி"ன்னு பொறிச்சிருக்கும். அதுல மலை இறக்கத்துக்கு நல்லதுன்னு மெட்டல் பேட் போட்டா டிஸ்க்கையே சீவித் தள்ளிடும். மெட்டல் பேட் வேணும்னா டிஸ்க்கும் மாத்தணும். புது ஷிமானோ டிஸ்க் 1.8 மில்லிமீட்டர் கனம், 1.5க்கு வந்தா மாத்தணும். பேட்ல மருந்து, அதாவது டிஸ்க்ல உரசற பூச்சு, அரை மில்லிமீட்டருக்கு வந்தா கதை முடிஞ்சது. இதுக்கு ஸ்கேல் பத்தாது, வெர்னியர் வேணும், மன்னிக்கணும்.

பிரேக் ஹைட்ராலிக்னா, அதாவது கேபிளுக்குப் பதிலா ஆயில்ல வேலை செய்யறதுன்னா, எந்த ஆயில்னு பாருங்க. ஷிமானோ, டெக்ட்ரோ எல்லாம் மினரல் ஆயில். ஸ்ராம்ல பழைய மாடல்கள் பெரும்பாலும் டாட் ஃப்ளூயிட், புதுசுல சிலது மினரலுக்கு வந்துடுச்சு. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு ஊத்தினா உள்ள இருக்குற ரப்பர் சீல் போயிடும். மோட்டார் பைக் கடையில இருக்குற டாட் டப்பாவைப் பாத்து "பிரேக் ஆயில்தானே"ன்னு ஷிமானோ லீவர்ல ஊத்தறவங்க இருக்காங்க. கூட நின்னு பாருங்க. செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க் மேல துணி போட்டு மூடுங்க. ஒரு துளி பட்டாலும் பேட் ஊறிக்கும், அப்புறம் கத்தும், பிடிக்காது.

புது பேட் போட்டவுடனே மேட்டுப்பாளையம் இறங்கிடாதீங்க. ஆளில்லாத ரோட்டுல ஓரளவு வேகத்துக்குப் போய், நிக்கற மாதிரி பிடிச்சு, முழுசா நிக்காம விடுங்க. இருபது முப்பது தடவை, முன்னது தனியா, பின்னது தனியா. பிடிப்பு ஏறுறது கையிலயே தெரியும். மலையில இறங்கும்போது லேசாப் பிடிச்சபடியே வராதீங்க, வளைவுக்கு முன்னாடி நல்லாப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சு, அப்புறம் விட்டுடுங்க. விடற அந்த நேரத்துலதான் டிஸ்க் ஆறும்.

தம்பி, கேசட் மாத்தின பிறகு அளவை எழுதி அனுப்புங்க, புது செயின் இப்போ 12 அங்குலத்துல எங்க நிக்குதுன்னு. அடுத்த கேள்வி ஈரோட்டுலேர்ந்து, டியூப்லெஸ் டயர்ல ஊத்தற சீலன்ட் கோடையில ஏன் சீக்கிரம் காயுதுன்னு.