கடைசித் தாள் இல்லாத ட்வெல்ஃப்த் நைட்

வணக்கம் மக்களே. இன்று மொட்டை மாடி இல்லை, காற்றில் மைக் ஒரேயடியாக இரைகிறது. கூடத்துத் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எலுமிச்சை டீ இருக்கிறது, பென்சில் இருக்கிறது, அது போதும்.

ஷேக்ஸ்பியரின் அஸ் யூ லைக் இட் நாடகத்து நாயகி ரோசலிண்டைப் பற்றி வீடியோ போட்டதிலிருந்து "வயோலாவைப் பற்றி எப்போது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். இன்று பேசியே ஆக வேண்டும். ஏனென்றால் எனக்குக் கோபம் வந்திருக்கிறது.

இதோ, இந்தப் புத்தகம்தான் காரணம். ஷேக்ஸ்பியரின் ட்வெல்ஃப்த் நைட். ஆன்லைனில் பழைய புத்தகம் விற்கிற ஒருவரிடம் வாங்கினேன். புத்தகம் 140 ரூபாய், கூரியர் 60 ரூபாய், ஆக மொத்தம் 200. "நல்ல நிலையில் உள்ளது" என்று போட்டிருந்தார். அட்டை நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து, ஓரத்தில் பென்சில் குறிப்பெல்லாம் எழுதி, ஐந்தாம் அங்கத்துக்கு வருகிறேன், கடைசித் தாளைக் காணோம். கிழித்த விளிம்பு தையலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், தெரிகிறதா? விற்றவருக்கு எழுதினால், "கடைசித் தாள்தானே மேடம், கதை அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது" என்று பதில் போடுகிறார்.

முடியவில்லை! எனக்கு இந்த நாடகமே அந்தத் தாளில்தான் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வயோலாவும் செபாஸ்டியனும் இரட்டையர்கள். கப்பல் உடைகிறது. அண்ணன் கடலில் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டு இல்லீரியா என்ற நாட்டில் தனியாகக் கரை சேர்கிறாள் வயோலா. ஆண் உடை போட்டு, செஸாரியோ என்ற பெயரில், ஆர்ஸினோ என்ற பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறாள். அவர் ஒலிவியாவைக் காதலிக்கிறார். காதல் தூது போகச் செஸாரியோவை அனுப்புகிறார். ஒலிவியாவுக்குத் தூது வந்த பையன் மேல் காதல் வந்துவிடுகிறது. வயோலாவுக்கோ ஆர்ஸினோ மேல் காதல்.

இதை ஆள்மாறாட்டக் கூத்து என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. இந்தப் புத்தகத்தின் முன்னுரையும் அதே பாட்டுத்தான்: வேடம் கலைகிறது, ஆண் ஆணாகிறான், பெண் பெண்ணாகிறாள், எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது என்று. எங்கே வந்தது?

ஆர்ஸினோவை முதலில் பாருங்கள். செஸாரியோ வேலைக்குச் சேர்ந்து 3 நாள்தான் ஆகிறது. அதற்குள் தன் மனதின் ரகசியப் புத்தகத்தையே அவனிடம் திறந்து காட்டிவிட்டதாகச் சொல்கிறார். அவன் உதடு டயானா தேவியின் உதட்டைவிட மென்மை, குரல் கன்னிப்பெண்ணின் குரல் என்று வர்ணிக்கிறார். காதலிப்பதாகச் சொல்லும் ஒலிவியாவை நேரில் பார்க்க ஐந்தாம் அங்கம் வரை ஓரடி எடுத்து வைக்காத மனிதர், பக்கத்தில் நிற்கிற பையனை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார்! ஐந்தாம் அங்கத்தில் ஒலிவியா மேல் ஆத்திரம் வந்து செஸாரியோவைக் கொல்லப் போகும்போதுகூட, "நான் நேசிக்கும் ஆட்டுக்குட்டியைப் பலி கொடுப்பேன்" என்றுதான் சொல்கிறார். அந்த நிமிடம் வரைக்கும் எதிரே நிற்பது பெண் என்று அவருக்குத் தெரியாது. நேசிக்கிறேன் என்ற சொல் முதலில் வந்துவிட்டது, பெண் என்ற செய்தி பிறகுதான் வருகிறது. இந்த இடத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

ஒலிவியா பக்கம் இன்னும் அழகு. எத்தனையோ தூது வந்தும் அசையாதவள் அவள். "அவர் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்" என்கிற மாதிரி செஸாரியோவைக் கேட்கிறாள். உன் வாசலில் வில்லோ மரக்கிளையால் ஒரு குடிசை போடுவேன், நடு இரவில் பாடுவேன், மலைகள் எதிரொலிக்க உன் பெயரைச் சொல்லிக் கூவுவேன் என்று பதில் வருகிறது. ஆர்ஸினோ சொல்லிக் கொடுத்த வசனம் இல்லை அது. ஒரு பெண், தான் காதலித்தால் எப்படிக் காதலிப்பாள் என்பதை இன்னொரு பெண்ணிடம் சொல்கிறாள். அதைக் கேட்டுத்தான் ஒலிவியா விழுகிறாள். பிரபுவின் பெரிய பெரிய பேச்சுக்கு அவள் மசியவே இல்லை, கவனியுங்கள்.

ஐயோ, முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் காலத்து லண்டன் மேடையில் பெண்கள் நடிப்பதில்லை. 1660-இல்தான் அங்கே நடிகைகள் வருகிறார்கள். அப்படியென்றால் வயோலாவாக நடித்ததும் ஒரு பையன், ஒலிவியாவாக நடித்ததும் ஒரு பையன். பெண்ணாக வேடமிட்ட பையன் மறுபடியும் ஆண் வேடம் போட்டு வந்து நிற்கிறான், அவனைப் பெண் வேடமிட்ட இன்னொரு பையன் காதலிக்கிறான். கூட்டத்தில் நின்றவர்களுக்கு இது தெரியும். தெரிந்தே ரசித்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் நாட்குறிப்பே எழுதி வைத்திருக்கிறார். ஜான் மேனிங்ஹாம், சட்டம் படித்த மாணவர். 1602 பிப்ரவரி 2 அன்று லண்டன் மிடில் டெம்பிள் மண்டபத்தில் நாடகத்தைப் பார்த்திருக்கிறார். ஒலிவியா வீட்டுக் காரியஸ்தன் மால்வோலியோவை ஏமாற்றும் காட்சி அவருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒலிவியாவை விதவை என்று எழுதிவிட்டார். அவள் துக்கம் காப்பது அண்ணனுக்காக.

அந்தத் தேதியை நான் விடப்போவதில்லை. பிப்ரவரி 2. ஷேக்ஸ்பியரின் சொந்தக் குழந்தைகள் ஹாம்நெட், ஜூடித் இருவரும் இரட்டையர், ஓர் ஆண், ஒரு பெண். அவர்களுக்கு ஞானஸ்நானம் நடந்தது 1585 பிப்ரவரி 2. ஹாம்நெட் 1596-இல், 11 வயதில் இறந்துபோனான். நாடகத்தில் கடல் கொண்டுபோன அண்ணன் உயிரோடு திரும்பி வந்து தங்கையின் எதிரே நிற்கிறான். தேதி தற்செயலாகவே இருக்கட்டும், இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை. "வயோலா" என்ற பெயரே முதன்முதலாக மேடையில் ஒலிப்பது அங்கேதான், அண்ணன் வாயிலிருந்து. அதுவரைக்கும் பார்வையாளர்களுக்கு அவள் பெயர் இல்லாத பெண்.

அந்தோனியோவைச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை மன்னிக்கக் கூடாது. செபாஸ்டியனைக் கடலிலிருந்து காப்பாற்றியவன். 3 மாதம் இரவும் பகலும் பிரியாமல் கூடவே இருந்தவன். இல்லீரியாவில் கால் வைத்தால் பிடித்துவிடுவார்கள் என்று தெரிந்தும் அவன் பின்னாலேயே வருகிறான், பணப்பையைக் கொடுக்கிறான், கைதாகிறான். இரட்டையர் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் ஓர் ஆப்பிளை இரண்டாகப் பிளந்தாற்போல இருக்கிறீர்களே, இதில் செபாஸ்டியன் யார் என்று கேட்கிறான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. எல்லோருக்கும் ஜோடி அமைகிறது, அவன் பேசாமல் நிற்கிறான். எனக்குத் தொண்டை அடைக்கிற இடம் அது.

சரி, கடைசித் தாள். வயோலா கரை சேர்ந்ததும் தன் பெண் உடையை ஒரு கப்பல் தலைவனிடம் கொடுத்து வைத்தாள். அந்தத் தலைவனோ மால்வோலியோ போட்ட வழக்கில் சிறையில் இருக்கிறான். மால்வோலியோ "உங்கள் எல்லோரையும் பழிவாங்குவேன்" என்று கத்திவிட்டு வெளியே போகிறான். அவனைச் சமாதானப்படுத்தினால்தான் தலைவன் வருவான், தலைவன் வந்தால்தான் உடை வரும். உடை வருவதற்குள் நாடகம் முடிந்துவிடுகிறது! ஆண் உடையில் நிற்கிறவளின் கையைப் பிடித்து, "செஸாரியோ, வா" என்று கூப்பிடுகிறார் ஆர்ஸினோ. ஆணாக இருக்கும்வரை நீ செஸாரியோதான் என்கிறார். ஷேக்ஸ்பியர் நினைத்திருந்தால் இரண்டு வரியில் உடை மாற்றி அழைத்து வந்திருக்க முடியாதா? ரோசலிண்டைக் கடைசியில் பெண்ணாகத்தானே கொண்டுவந்து நிறுத்துகிறார், அந்த வீடியோவில் பார்த்தோமே. இங்கே வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்றுதான் நான் நம்புகிறேன். அந்தக் காதல் செஸாரியோவோடுதான் வளர்ந்தது, அவனை அழித்துவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை.

அப்புறம், போன மாதம் ஒருவர் தமிழில் வந்திருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். 1949-இல் வந்த கன்னியின் காதலி படம் இந்தக் கதைதான். கண்ணதாசன் சினிமாவுக்கு முதன்முதலாகப் பாட்டு எழுதியதும் அதில்தான்.

முழுப் புத்தகம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது! திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில், ஞாயிற்றுக்கிழமை காலையில். 80 சொன்னார், 40-க்குக் கொடுத்தார். முதலில் கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுத்தேன். ஆனால் என் பென்சில் குறிப்பெல்லாம் 200 ரூபாய்ப் புத்தகத்தில் இருக்கிறதே. அதனால் அந்தத் தாளை அப்படியே கையால் எழுதினேன், முன்னும் பின்னுமாக, இரண்டு மணி நேரம் ஆனது. "செஸாரியோ, வா" என்ற வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். கிழிந்த விளிம்போடு சேர்த்து ஒட்டி மேலே அகராதியைப் பாரமாக வைத்திருந்தேன். இப்போது எடுத்துப் பார்க்கலாம்... ஒட்டிக்கொண்டது, பாருங்கள்.