ஆச்சியின் தலையணையும் கழிவு ஒயிலும்

(உலகத் தண்ணீர் தினத்தையொட்டி யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துப் பாடசாலை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்நிகழ்வுக்குத் தலைமை தாங்கும் அதிபர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச சபைத் தவிசாளர் அவர்களே, கோட்டக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, ஆலய பரிபாலன சபைத் தலைவர் அவர்களே, விடியற்காலையிலிருந்து கதிரை தூக்கித் தோரணம் கட்டிவிட்டு இப்போது கடைசி வரிசையில் நிற்கும் பெற்றோரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். மங்கல விளக்கேற்றிய கிராம அலுவலர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. எங்கள் ஒழுங்கைக்குத் தண்ணீர்ப் பவுசர் வராத நாட்களில் தொலைபேசியை விடாமல் அழுத்தி அதை வரவழைத்தவர் அவர்.

மூன்று விடயங்கள் பேச வந்திருக்கிறேன். எண்ணெய் தண்ணீரை என்ன செய்கிறது, அதைச் சிறுவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது, சட்டம் நமக்கு என்ன காவல் தருகிறது. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள். இந்தப் பழமொழியை நான் பேசாத மேடை இல்லை. என் ஆச்சியின் வாயிலிருந்து கேட்டது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஐயா வெங்காயத் தோட்டத்துக்கு மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம் வாங்கிய புதிது. துலா ஓய்ந்தது, ஊரே வந்து பார்த்தது. ஒரு நாள் மாலை ஐயா இயந்திரத்திலிருந்து கறுத்த ஒயிலை ஒரு பால்மாப் பேணியில் வடித்துக் கிணற்றுக் கட்டில் வைத்தார். நான் வாளியை இழுத்த வேகத்தில் கயிறு பட்டுப் பேணி உள்ளே விழுந்தது. ஒரு பேணிதான். எட்டிப் பார்த்தால் கிணறு முழுவதும் மயில் கழுத்து நிறம். ஐயா வாளி வாளியாக அள்ளினார். அள்ள அள்ள ஒயில் வாளிக்கு விலகிச் சுவரோரம் ஒட்டியது. அப்பு சாம்பலைப் போடச் சொன்னார், அயலவர் உப்பைப் போடச் சொன்னார். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போனார். அப்புவின் தலையணையோடு திரும்பி வந்தார். அரிவாளால் கிழித்தார். இலவம் பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டிக் கயிற்றில் இறக்கினார். சிறிது நேரம் கழித்துத் தூக்கினால் பொட்டலம் கறுப்பு. மறுபடி இன்னொன்று. இருட்டும்வரை இறக்கினார், தூக்கினார். இரண்டாவது தலையணையும் தீர்ந்தது. அன்றிரவு அப்பு கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தார். ஆச்சி என்னை அடிக்கவில்லை. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்று மட்டும் சொன்னார். மாரி மழை வந்து கிணறு நிறையும்வரை பக்கத்து வளவில்தான் குடிதண்ணீர் அள்ளினோம்.

இலவம் பஞ்சு நாரில் இயற்கையாகவே மெழுகு போன்ற பூச்சு உண்டு. அது தண்ணீரைத் தள்ளும், எண்ணெயை உறிஞ்சும். ஆசிரியர்களே, தரம் ஐந்து வகுப்பில் ஒரு பேசின் தண்ணீரில் இரண்டு கரண்டி எண்ணெயை ஊற்றுங்கள். ஒரு கோழி இறகை நனைத்துக் காட்டுங்கள். பிறகு துணி, வைக்கோல், இலவம் பஞ்சு என்று பிள்ளைகளையே எடுக்கச் சொல்லுங்கள். எடுத்து முடிந்ததும், இந்தத் தண்ணீரை யார் குடிப்பீர்கள் என்று கேளுங்கள். ஒரு கையும் எழாது. அதுதான் பாடம். மிதப்பதை எடுக்கலாம், கரைந்த பங்கைப் பஞ்சு எடுக்காது.

நமக்கு ஆறில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, கனத்த உவர்நீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக நிற்கிறது. அதைத்தான் குடிக்கிறோம், அதைத்தான் தோட்டத்துக்கு இறைக்கிறோம். நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்கும் என்று கதை சொல்வார்கள். பழம் போய்ச் சேர்ந்ததா என்பது இருக்கட்டும், நிலத்துக்கடியில் வழி உண்டு என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. அந்த வழியில் ஒயிலும் போகும். சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவு ஒயில் நிலத்தில் இறங்கி, வேலிக்கு அப்பால் எத்தனையோ வீட்டுக் கிணறுகளில் மிதந்ததை நாம் கண்டோம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கிணற்று உரிமையாளர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை வணங்குகிறேன். ஆனால் ரூபாயை இறைத்து யாரும் குடிக்க முடியாது.

பெரிய நிலையத்தைக் கேள்வி கேட்ட நாம் நம் முற்றத்தையும் கேட்க வேண்டும். மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, உழவு இயந்திரம், இறைப்பு இயந்திரம் எல்லாவற்றுக்கும் ஒயில் மாற்றுகிறோம். பழையதை எங்கே ஊற்றுகிறோம்? வேலியோரத்தில், வாய்க்காலில், கறையானுக்கு மருந்தென்று தூணடியில். அதற்குக் கீழேதான் அந்த வெடித்த சுண்ணாம்புக் கல். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வடித்த ஒயிலை எங்கே கொண்டுபோவது என்று காட்டாவிட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

ஆகவே தவிசாளர் அவர்களிடம் நேராகக் கேட்கிறேன், இதற்காகவே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் மூடியுள்ள ஒரு பரல் வையுங்கள். சீமெந்துத் தளமும் மேலே கூரையும் வேண்டும், மழை நீர் உள்ளே போகக் கூடாது. மாதம் ஒரு முறை உங்கள் உழவு இயந்திரம் வந்து ஏற்றிச் செல்லட்டும். பரலின் கணக்குப் புத்தகத்தை இந்தப் பாடசாலையின் மாணவர்கள் எழுதட்டும். எந்த வீட்டிலிருந்து எத்தனை போத்தல் வந்தது என்று எழுதும் பிள்ளை, தன் வீட்டு ஒயில் எங்கே என்று அன்றிரவே தகப்பனிடம் கேட்கும்.

மேடைக்குக் கீழே ஒரு தகரப் பேணி இருக்கிறது. நேற்று என் மோட்டார் சைக்கிளில் வடித்த ஒயில். எங்கே ஊற்றுவது என்று நீங்கள் இடம் காட்டும்வரை அதை உங்கள் அலுவலக வாசலில் வைத்துக் காத்திருப்பேன். நாளை காலை எட்டரைக்கு வருகிறேன்.