கூண்டு முயலுக்கு மணி எங்கே?

நடுவர் அவர்களே, திருவாரூர்ப் பெருமக்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

வகுப்பறையில் ஒரு பிராணியை வளர்த்தால் சின்னப் பிள்ளைகளுக்குப் பரிவும் பொறுப்பும் வருமா? இதுதான் தலைப்பு. கண்டிப்பாக வரும் என்று எதிரணித் தோழி முயலை வைத்தே பேசி முடித்தார். கேட்கக் கேட்க எனக்கே ஒன்று வாங்கலாமா என்று ஆசை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த முயல் பக்கத்து நியாயத்தை யாராவது பேச வேண்டாமா?

முயல் காலங்காலமாக இன்னொன்றுக்கு இரையாகிவந்த பிராணி. பயம் வந்தால் பெரும்பாலும் கத்தாது, அப்படியே விறைத்துப்போய்க் கிடக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை தூக்குகிறார்கள், அதுவோ காதை முதுகோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு, எப்போதும் துடித்துக்கொண்டிருக்கிற மூக்கைக்கூட அசைக்காமல் கிடக்கிறது. டீச்சர் என்ன சொல்வார்? "பாருங்க, எவ்வளவு சமத்து!" ஆக, பயந்து கிடக்கிற ஒன்றைப் பார்த்து அதற்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று நம்ப அந்தப் பிள்ளை பழகிவிட்டது. இதற்குப் பெயர் பரிவுப் பாடமா, நடுவர் அவர்களே?

சரி, முயல் வேண்டாம், குட்டி எலி மாதிரி இருக்கிற ஹாம்ஸ்டர் என்பீர்கள். அது ராத்திரியில் நடமாடும் பிராணி, நம் பள்ளிக்கூட நேரம்தான் அது தூங்குகிற நேரம். பச்சைக்கிளி? 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பதே குற்றம். ஆமைக்குட்டியா? அதைத் தொட்ட கையை வாயில் வைத்த குழந்தைகளுக்கு சால்மொனெல்லா என்கிற வயிற்றுக் கிருமித் தொற்று வந்ததால், நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க அமெரிக்காவில் 1975லேயே தடை போட்டுவிட்டார்கள். மீன் தொட்டி வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதில் சண்டைக்கு வரமாட்டேன்.

அடுத்து பொறுப்பு. சுவரில் சார்ட் ஒட்டுவார்கள், திங்கள் இவன், செவ்வாய் அவள் என்று பெயர் எழுதி நட்சத்திரமும் ஒட்டுவார்கள். புழுக்கையை அள்ளுவது யார்? ஆயா அம்மாதான்! பிள்ளைகள் கேரட்டை நீட்டிப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு எத்தனை நாள் லீவு விடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2018இல் கஜா புயல் அடித்தபோது பள்ளிக்கூடங்களே நிவாரண முகாம்களாக இருந்தன. அந்த நாளில் கூண்டுக்குள் இருப்பதற்குப் புல் யார் போடுவது?

அப்படியானால் பிள்ளைகள் உயிர்களோடு பழகவே வேண்டாமா என்று கேட்டார் எதிரணித் தலைவர். ஐயா, டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்கிறது, ஆட்டுக்கிடை போடுகிறார்கள். தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிப் பக்கம் போனால் உம்பளச்சேரி மாட்டுக்கன்று பார்க்கலாம், பிறக்கும்போது செம்பழுப்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, வளர வளர சாம்பல் நிறமாக மாறிவிடும். மாட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு மாதம் ஒரு தடவை வகுப்பையே கூட்டிப் போங்கள். கன்றுக்குப் பிடிக்காவிட்டால் நகர்ந்து போய்விடும், தாய்ப்பசு தலையை ஆட்டும், இன்னும் கிட்டே போனால் ஒரு உதையும் கிடைக்கும். எட்டி நில், அது வரட்டும் என்று மாட்டுக்காரர் அதட்டுவார் பாருங்கள், நான் சொல்ல வந்த பாடம் அங்கேதான் நடக்கிறது.

மனுநீதிச் சோழன் ஊரில் பிராணியை வேண்டாம் என்று பேசலாமா என்று ஒரு போடு போட்டார்களே, நானும் அந்தக் கல்தேரைப் பார்த்து வளர்ந்தவன்தான். கன்றைப் பறிகொடுத்த பசு தன் காலால் நடந்துபோய் ஆராய்ச்சி மணியை அடித்தது, ராஜா வெளியே வந்தார். அந்தப் பசுவைக் கட்டிப்போட்டிருந்தால் கதை ஏது? கூண்டு முயல் எந்த மணியை அடிக்கும், சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஏப்ரலில் பரீட்சை முடிந்து கதவைப் பூட்டுகிறோம், ஜூன் வரை திறக்க மாட்டோம், முயலோ வெயில் தாங்காத பிராணி. அத்தனை நாளும் அதை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது? அடுத்துப் பேச வருகிற எதிரணி நண்பர் வேறெதுவும் பேச வேண்டாம், அந்த வீட்டு முகவரியை மட்டும் நடுவரிடம் கொடுக்கட்டும்.