சம்பளம் போக மிச்சம் என்ன?

எல்லாருக்கும் வணக்கம். கேம்பஸ் இன்டர்வியூ நடக்கிற நேரம், அதனால் எனக்கு முன்னால் யாராவது இதே மேடைக்கு வந்து 'மனசுக்குப் பிடித்ததைச் செய், பணம் தானாக வரும்' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். பணம் தானாக வராது. அப்படி வந்ததாகச் சொல்கிறவர்களில் நிறையப் பேருக்கு ஊரில் சொந்த வீடு இருக்கும், அப்பாவுக்குப் பென்ஷன் வரும், அதை மட்டும் மைக்கில் சொல்ல மறந்துவிடுவார்கள்.

இங்கே கல்விக்கடன் வாங்கிப் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை பொதுவாக பேங்க் பொறுத்துக்கொள்ளும், ஆனால் வட்டி பொறுக்காது, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும். அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருக்கும்போது ஆத்ம திருப்தியைப் பற்றி யாராவது பாடம் எடுத்தால் எரிச்சல்தான் வரும். சம்பளத்துக்காக ஒரு வேலைக்குப் போவதில் கேவலம் எதுவுமில்லை.

'ஒரு அளவுக்கு மேல் பணம் சந்தோஷம் தராது என்று ஆராய்ச்சியே சொல்கிறதே சார்' என்று கேட்பீர்கள். உளவியல் அறிஞர் டேனியல் கானமேனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களை வைத்து 2010-ல் சொன்னது அது, வருஷத்துக்கு 75,000 டாலர் தாண்டினால் அன்றாட சந்தோஷம் அதற்கு மேல் கூடுவதில்லை என்று. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். 2021-ல் மேத்யூ கில்லிங்ஸ்வர்த் என்பவர் அப்படியெல்லாம் நிற்கவில்லை, ஏறிக்கொண்டேதான் போகிறது என்றார். கானமேன் சண்டைக்குப் போகாமல் அவரோடு உட்கார்ந்து மறுபடி கணக்குப் பார்த்தார். 2023-ல் சேர்ந்து எழுதிய கட்டுரையில், பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு சந்தோஷமும் கூடத்தான் செய்கிறது, ஏற்கெனவே மனம் நொந்து கிடக்கிற ஒரு சிறு பகுதியினருக்குத்தான் ஒரு கட்டத்துக்கு மேல் பணம் கைகொடுப்பதில்லை என்று முடித்தார்கள். ஆக, பணம் முக்கியம்தான்.

சரி, அப்புறம் என்ன யோசனை, அதிகச் சம்பளம் எதுவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் நான் ராமானுஜனை இழுக்கப்போகிறேன். நாம் யாரும் ராமானுஜன் இல்லை, தெரியும். ஆனால் அந்த மனுஷன் வேலை தேடிய விதத்தைப் பாருங்கள். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாசாமாசம் தன் கைப்பணத்தைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் வாங்கிக்கொண்டு கணக்குப் போட்டிருக்கலாம். எத்தனை நாளைக்கு ஒருவருக்குப் பாரமாக இருப்பது என்று 1912-ல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், மாசம் 30 ரூபாய். கல்யாணமானவர், குடும்பம் இருக்கிறது. பேரேடு எழுதுகிற வேலையில் அவருக்கு என்ன ஆத்ம திருப்தி இருந்திருக்கும்? ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அந்த வேலை அவர் மூளையைத் தின்னவில்லை. மேலதிகாரி நாராயண ஐயருக்கும் கணக்குப் பித்து, இரண்டு பேரும் ராத்திரி சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்களாம். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குப் போன அந்தக் கடிதம் இந்தக் குமாஸ்தா எழுதியதுதான், வருஷத்துக்கு 20 பவுண்டுதான் சம்பளம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார். அதே வருஷம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாசம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. அப்போதுதான் கணக்கே அவருக்குப் பிழைப்பாகவும் ஆனது.

அதனால் நான் உங்களைக் கேட்கச் சொல்கிற கேள்வி ஒன்றுதான்: வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது உங்களிடம் நீங்கள் எவ்வளவு மிச்சம்? மோசமான வேலை அந்த மிச்சத்தைத் தின்னும். பிடித்த வேலையாக இருந்து சம்பளம் போதாவிட்டாலும் அதே கதிதான், வாடகைக் கவலை சாயங்காலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். சின்ன பத்திரிகை, தொண்டு நிறுவனம், நாடகக் குழு என்று ஆசையாகப் போனவர்கள் இரண்டு மாசச் சம்பளம் நின்றதும் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

கணக்காகவே போடுங்கள். ஆஃபர் லெட்டரில் இருக்கிற சி.டி.சி., அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்கிற மொத்தச் செலவு, கைக்கு வருகிற பணம் கிடையாது, கம்பெனி கட்டுகிற பி.எஃப். பங்கு, வேலையை விடும்போது தருகிற கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே போட்டிருப்பார்கள். நிரந்தர ஊழியர் 5 வருஷம் இருந்தால்தான் கிராஜுவிட்டி, நீங்களோ இரண்டு வருஷத்தில் மாறலாம் என்று இப்போதே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கைக்கு 40,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாம்பரத்தில் வீடு, சிறுசேரியில் ஆபீஸ். ஒன்பது மணி நேர வேலை, போக வர மூன்று மணி நேரம், ராத்திரி கிளையண்ட் கால் ஒரு மணி நேரம், ஆக நாளுக்கு 13 மணி நேரம். மாசம் 22 நாளுக்கு 286. மணிக்கு 140 ரூபாய். இன்னொரு கம்பெனி 32,000-தான் தருகிறது, ஆனால் வீட்டிலிருந்து கால் மணி நேரம், ராத்திரி கிளையண்ட் கால் எதுவும் கிடையாது. நாளுக்கு ஒன்பதரை, மாசம் 209, மணிக்கு 153 ரூபாய். எது பெரிய சம்பளம்? கடன் தவணை கழுத்தை நெரித்தால் நானே 40,000-க்குத்தான் போவேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எதை விற்று அந்த எட்டாயிரத்தை வாங்குகிறோம் என்று தெரிந்து போவேன், கடன் எந்த மாசம் அடையும் என்று காலண்டரில் குறித்துக்கொண்டு போவேன்.

கால் காசானாலும் அரசாங்க உத்தியோகம் என்று குரூப் 4-க்குப் படிக்கிறவர்களுக்கும் இதே கணக்குதான். எத்தனை வருஷம் வீட்டில் உட்கார்ந்து படிக்கப்போகிறீர்கள், அதுவரை யார் காசு, இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்டர்வியூவில் 'கம்பெனி கல்ச்சர் எப்படி' என்று கேட்காதீர்கள், எல்லாரும் 'சூப்பர்' என்றுதான் சொல்வார்கள். அங்கே வேலை பார்க்கிற உங்கள் சீனியருக்கு போன் போட்டு, 'அண்ணா, போன செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீங்க, போனதும் என்ன பண்ணீங்க' என்று கேளுங்கள்.

நேரமாகிவிட்டது, பிரின்சிபால் வாட்சைப் பார்க்கிறார். ஆஃபர் லெட்டர் கையில் வைத்திருப்பவர்கள் முன் வரிசைக்கு வாருங்கள், உட்கார்ந்து கணக்குப் போடலாம்.