கப்பல் கரையில் நிற்கும் சில மணி நேரம்

வணக்கம் நண்பர்களே.

'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய உல்லாசப் பயணக் கப்பல். நீளம் சுமார் 365 மீட்டர். அறைகள் முழுக்க நிறைந்தால் ஏறக்குறைய 7,600 பயணிகள். இப்படி ஒரு கப்பல் வந்து நின்றால் ஊரில் பணம் கொட்டும் என்று நினைப்பது இயல்புதான். அந்த நம்பிக்கையில்தான் ஊருக்கு ஊர் கடலை ஆழப்படுத்தி முனையம் கட்டுகிறார்கள்.

கரை இறங்குகிறவரைக் கொஞ்சம் கவனியுங்கள். காலைச் சாப்பாடு கப்பலில் முடிந்தது. இரவுப் படுக்கையும் அங்கேதான். ஊரில் அவருக்குக் கிடைப்பது சில மணி நேரம். சுற்றிப் பார்க்கும் பயணத்தைக் கப்பலிலேயே பதிவு செய்திருந்தால், அந்தக் கட்டணத்திலும் கப்பல் நிறுவனத்துக்குப் பங்கு போய், மிச்சம்தான் உள்ளூர் பஸ்காரருக்கும் வழிகாட்டிக்கும் வருகிறது.

பயணம் தொடங்கி முடிகிற துறைமுகத்தில் நிலைமையே வேறு. முதல் நாளே விமானத்தில் வந்து விடுதியில் தங்குகிறார்கள். ஒரு வாரத்துக்கான காய்கறி, முட்டை, எரிபொருள் எல்லாம் அங்கே ஏறுகின்றன. ஆனால் நல்ல விமான நிலையம் பக்கத்தில் இல்லாத ஊருக்கு இந்த வாய்ப்பு எளிதில் கிட்டாது.

சரி, கப்பல் சில மணி நேரம் மட்டும் நின்றுபோகும் துறைமுகங்கள் என்ன செய்வது? அலாஸ்காவின் ஜூனோவைப் பாருங்கள். சுமார் 32,000 பேர் வாழும் ஊர். 2023இல் 16 லட்சத்துக்கும் அதிகமான கப்பல் பயணிகள் வந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று நகரம் கட்டணம் வாங்கி, துறைமுகத்துக்கும் பயணிகளுக்கான வசதிகளுக்கும் செலவிடுகிறது. கரையிலிருந்து கப்பலுக்கு மின்சாரம் கொடுத்துப் புகையைக் குறைக்கும் ஏற்பாடு 2001லேயே அங்கே வந்துவிட்டது. 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்கள் மட்டும் என்று நிறுவனங்களோடு பேசி முடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பேச்சுவார்த்தைதான். ஆனால் இத்தாலியின் வெனிஸ் நகர நடுவே பெரிய கப்பல்கள் போவதை 2021இல் அரசு சட்டம் போட்டே நிறுத்த வேண்டியிருந்தது.

அப்புறம் இன்னொன்று. பஹாமாஸின் கோகோகே தீவு போன்ற இடங்களில் கடற்கரையே கப்பல் நிறுவனத்தின் கையில். பயணி அங்கே வாங்கும் குளிர்பானத்தின் காசுகூட பெரும்பாலும் நிறுவனத்துக்கே திரும்புகிறது.

ஆகவே முனையத்துக்குக் கையெழுத்துப் போடும் முன்பே பேசிவிடுங்கள்: கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கும், உள்ளூரில் என்னென்ன வாங்கும், தலைக்கு எவ்வளவு கட்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால், அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடுவோம் என்பார்கள். கப்பலுக்கு அது சுலபம்.