பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பது யார்?

வணக்கம். இத்தனை அப்பாக்கள் வந்திருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது, பெற்றோர் கூட்டம் என்றாலே அது அம்மாக்கள் வேலை என்றுதான் இன்னமும் பல வீடுகளில் இருக்கிறது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். "முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். இரண்டு போட்டால்தான் பிள்ளை பொய் புரட்டு இல்லாமல் வளரும் என்று நம்புகிறோம். நடப்பது நேர் எதிர்.

விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் தப்பு செய்தால் பிரம்படி, அறை, கிள்ளு. இன்னொன்றில் திட்டுவதோடு சரி. 3, 4 வயதுக் குழந்தைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, "திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான குழந்தைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள், அந்த வயசு அப்படி. "பார்த்தியா?" என்று கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அடி இல்லாத பள்ளியில், பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பொய் சொன்னார்கள். அடிக்கிற பள்ளியில் கிட்டத்தட்ட எல்லோருமே. "சரி, அது என்ன பொம்மையா இருக்கும்?" என்று அடுத்து கேட்டால், பொம்மையின் பெயரை வாய் தவறி உளறாமல் சமாளித்ததும் இந்த அடிக்கிற பள்ளிக் குழந்தைகள்தான். இந்த வயதில்! பிரம்பு அவர்களைப் பார்க்காமல் தடுக்கவில்லை, பார்த்ததை மறைக்கத்தான் பழக்கியிருக்கிறது.

இப்போது நம் வீட்டுக்கு வாருங்கள். கணக்கில் 31 மார்க். ராங்க் கார்டு புத்தகப் பையின் அடியில் கிடக்கிறது. பிள்ளை தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறது, அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் பாத்ரூமுக்குள் போய்விடுகிறது, ராத்திரி எல்லோரும் தூங்கினதும் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பழகுகிறது. இது கெட்ட பிள்ளையா? பயந்த பிள்ளை. பின்னத்தைச் சுருக்குவது புரியாமல் ஆரம்பித்த சிக்கலை யாரிடமும் சொல்ல முடியாத பிள்ளை.

அதற்காகக் கண்டிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. அழுதால் போன், அடம் பிடித்தால் பிரியாணி என்று இருக்கிற வீடும் பிள்ளையைக் கெடுக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் 1960களில் சின்னக் குழந்தைகளையும் அவர்கள் பெற்றோரையும் கவனித்து, வளர்ப்பை மூன்று விதமாகப் பிரித்தார்: சொன்னதைச் செய் என்று மிரட்டுகிறவர்கள், பாசமாக இருந்தாலும் எதையும் கண்டிக்காமல் விட்டுவிடுகிறவர்கள், கண்டிப்பும் வைத்துக் காரணமும் சொல்கிறவர்கள். கண்டுகொள்ளாமலே இருக்கிற நாலாவது விதத்தை 1983இல் மெக்கோபி, மார்ட்டின் என்ற இரண்டு உளவியலாளர்கள் சேர்த்தார்கள், அதுதான் எல்லாவற்றிலும் மோசம். மூன்றாவது விதமாக வளர்ந்த பிள்ளைகள்தான் தன்னம்பிக்கையிலும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதிலும் பொதுவாக நன்றாக இருந்தார்கள். அவர்கள் வீட்டில் சட்டம் குறைவு என்று நினைக்காதீர்கள். சட்டம் இருந்தது, ஏன் என்று கேட்க இடமும் இருந்தது.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பள்ளிக்கூடத்தில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. ஆசிரியர் கை வைத்தால் சண்டைக்குப் போகிற நாமே வீட்டில் கரண்டியைத் தூக்குகிறோம், இது என்ன நியாயம்?

அடுத்த தடவை ராங்க் கார்டு வரும்போது முதலில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் "எந்தக் கணக்குல இடிக்குது?" என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். டிவியைக் குறைக்க வேண்டும் என்றால் தாராளமாகக் குறையுங்கள், ஏன் என்று சொல்லிக் குறையுங்கள், பாட்டி கெஞ்சினாலும் மாற்றாதீர்கள்.

இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. கேள்வி கேளுங்கள். அடிப்பது சரிதான் என்று நினைக்கிறவர்கள் முதலில் கேளுங்கள்.